மெத்தையின் சுவரோரப் பள்ளம்

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போன என் சுமதிக்கு,

இப்போது உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் இந்த ஒரு தடவையாவது நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேள். நம் இலவம்பஞ்சு மெத்தை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. அதை வைத்து நேற்று இங்கே நடந்த கூத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

உன் வருஷ தெவசம் வருகிறது. அதற்காக என் பொன்னேரி அக்கா நேற்று சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தாள். கிளம்புவதற்கு முந்தின நாளே போனில் பிடித்துக்கொண்டாள்.

"செத்தவ படுத்த மெத்தைய ஊட்ல வச்சிக்கினு இன்னாடா பண்ற? புள்ளைக்கு இருமல் நிக்காததே அதனாலதான். நான் வர்றதுக்குள்ள அது வெளிய போயிருக்கணும், சொல்ட்டேன்."

உன்னைத் தூக்கின அன்றே அது போயிருக்க வேண்டியது. ஆள் போனால் அவர் படுத்த பாய், தலையணை எல்லாம் பின்னாலேயே சுடுகாட்டுக்குப் போய்விடும், அதுதானே நம் பக்கத்து வழக்கம். அக்கா மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டி வாசல் வரைக்கும் இழுத்து வந்துவிட்டாள். நம் கயல் ஓடிவந்து அதன் மேல் குப்புற விழுந்தாள். ஆறாவது படிக்கிற பெண்ணை அதிலிருந்து பிய்த்து எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. "விடுங்க, ஊட்லயே இருக்கட்டும்" என்று நான் கத்தினேன். அக்காவிடம் நான் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து உன் பெண் அந்த மெத்தையில், சுவரோரமாக நீ படுக்கிற இடத்தில்தான் தூங்குகிறாள். அங்கே பஞ்சு அமுங்கி ஒரு பள்ளம் இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? அதற்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தால்தான் அவளுக்குக் கண் மூடும். லீவுக்குப் பொன்னேரி போனபோது அக்கா வீட்டில் விடிய விடிய உட்கார்ந்தே இருந்தாளாம். மறுநாளே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

கயல் எனக்குச் சட்டம் போட்டாள் பார், உன்னை மிஞ்சிவிட்டாள். "இத்த திருப்பாத நைனா. வெயில்லயும் போடாத. போட்டா பஞ்சு உப்பிக்கும், அம்மா எடம் பூடும்." நான் பக்கத்தில் படுத்தால் பஞ்சு என் பக்கம் சரிந்துவிடுமாம். அதனால் நான் இத்தனை நாளும் தரையில் பாய் போட்டுத்தான் படுக்கிறேன். ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து தரையில் படுத்தால் இடுப்பு என்ன கதி ஆகும் என்று உனக்குத் தெரியாதா?

நீ இருந்தவரை அந்த மெத்தைக்கு எத்தனை உபசாரம்! மேலே உறை, உறைக்கு மேலே விரிப்பு. ஈரத்தலையோடு படுக்கக் கூடாது, அதன் மேல் உட்கார்ந்து டீ குடிக்கக் கூடாது. ஷிப்ட் முடிந்து வந்து அப்படியே சாய்ந்தால், "இன்னாங்க, இது மெத்தையா, இரும்புக் கடையா?" என்று எழுப்பிக் குளிக்க அனுப்புவாய். ஒரு மாசம் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் போடுவாய், மறுமாசம் கீழ்ப்பக்கத்தை மேலே திருப்பிப் போடுவாய். உனக்கு வேறு வேலையே இல்லையா என்று நான் கேட்பேன்.

இப்போதுதான் அந்த வேலையின் அருமை தெரிகிறது. மழைக்காலம் போன பிறகும் மெத்தையில் ஒரு மக்கின வாசனை நின்றுவிட்டது. கயலுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. படுத்தால் இருமல், எழுந்தால் கொஞ்சம் அடங்கும். டாக்டர், "படுக்கையில ஈரம் இருந்தா நல்லா காய வைங்க, இல்லன்னா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றார். காய வைத்தால் பள்ளம் போகும். தூக்கிப் போட்டால் எல்லாமே போகும். சும்மா இருந்தால் பிள்ளையின் நெஞ்சு போகும். நீயே சொல், நான் எதைச் செய்ய?

நேற்றுக் காலையில் நைட் ஷிப்ட் முடிந்து வந்தேன். கயல் பள்ளிக்கூடம் போயிருந்தாள். திருடன் மாதிரி மெத்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். நன்றாகக் காய்ந்துவிட்டால், அக்கா வரும்போது "இதோ பார், வாசனையே இல்லை" என்று சொல்லலாம் அல்லவா? பள்ளத்துக்கு அப்புறம் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கைப்பிடிச் சுவர் மேல் போட்டுவிட்டுக் கீழே வந்து கொஞ்சம் கண் அசந்தேன்.

ஊரெல்லாம் காலை வெயிலில்தான் மெத்தை காயப்போடும். கும்மிடிப்பூண்டியில், அதுவும் சிப்காட் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே குடியிருக்கிறவர்கள் அப்படிப் போடலாமா? மத்தியானம் கடல் காற்று திரும்பி, சிம்னிப் புகை நம் பக்கம் விட்டு மேற்கே சாய்ந்த பிறகுதான் நீ ஒரு கைக்குட்டையைக்கூட மாடிக்குக் கொண்டு போவாய். அந்தப் புகைக்குள்ளேயே வேலை செய்கிற எனக்கு அது புத்தியில் ஏறவே இல்லை. போய்ப் பார்த்தால் மெத்தை பூராவும் கரித்தூள். பதறிப்போய் ஒரு தடியை எடுத்து அடித்தேன். அடிக்க அடிக்கக் கரி துணிக்குள் இறங்கியது, பஞ்சு இட்லி மாதிரி உப்பியது. கையால் தடவித் தடவிப் பார்த்தேன். பள்ளம் எங்கேயும் இல்லை.

சுமதி, அப்படியே கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். மில்லில் பழுக்கக் காய்ந்த இரும்பைத் தலைக்கு மேல் தூக்குகிறவன் நான். அங்கேகூட நான் இப்படிப் பயந்ததில்லை. உன்னை இரண்டாவது தடவையாக அனுப்பிவிட்டேன் என்றுதான் தோன்றியது.

மெத்தையைக் கீழே கொண்டுவந்து போட்டேன். கயலும் அக்காவும் தெருமுனையில் சந்தித்து ஒன்றாகவே உள்ளே வந்தார்கள். அக்கா பார்த்ததும், "நல்லதாப் போச்சு. இத்தோட தூக்கிக் கடாசு" என்றாள். கயல் பையைக்கூடக் கழற்றவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து சுவரோரமாக உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். இன்னொரு இடத்தில் அழுத்தினாள்.

"எங்க நைனா?"

அழுதிருந்தால் பரவாயில்லை. அழாமல் கேட்டாள். சமாதானம் சொல்ல வாயெடுத்தேன், உண்மைதான் வந்தது.

"அந்தப் பள்ளம் உங்கம்மாவுது மட்டும் இல்லம்மா. உங்கம்மா மாசாமாசம் இத்த திருப்பிப் போடுவா இல்ல? இந்த மாசம் அவ படுத்த எடத்துல அடுத்த மாசம் நான் படுத்துக்கினு இருந்தேன். அது ரெண்டு பேரோடதும்தான்."

"அப்போ நான் இத்தினி நாளா உன் பள்ளத்துலயா படுத்தேன்?" கண்ணில் பொறி பறந்தது. கோபம் வந்தால் உனக்கு மூக்கு விடைக்குமே, அதே மூக்கு. "ஏன் சொல்லல? ஏன் எனக்கு மொதல்லயே சொல்லல?" என்று என் தொடையில் குத்தினாள். குத்தக் குத்த வாங்கிக்கொண்டேன். அக்கா தடுக்க வந்தாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

அப்புறம்தான் அழுதாள். உனக்காக அவள் வாய்விட்டு அழுது நான் பார்க்கவே இல்லை, சுமதி. இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தாளோ, அவ்வளவும் வந்தது. அழுது ஓய்ந்த பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மெத்தையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவினாள்.

"திருப்பித் திருப்பிப் போட்டாங்கன்னா, அம்மா எல்லா எடத்துலயும் படுத்திருக்காங்க."

"ஆமாம்மா."

"அப்போ எங்க படுத்தா இன்னா?"

எழுந்து போய் நனைத்த துணியைப் பிழிந்து எடுத்து வந்தாள். எங்களால் முடிந்த மட்டும் கரியைத் துடைத்தோம். போகாத கறையை மறைக்க இரண்டு விரிப்பு போட்டோம். இருட்டுகிறதுக்குள்ளேயே அவளுக்குக் கண் சொக்கியது. சுவரோரம் போகவில்லை, நட்டநடுவில் காலை நீட்டிப் படுத்தாள். என்னைப் பார்த்து, "நீயும் வா நைனா. தரையில படுத்து இடுப்பு புடிச்சிக்கினா யாரு பாக்கறது?" என்றாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். ஏதாவது சொல்வாள், வீடே இரண்டுபடப் போகிறது என்று நினைத்தேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நவுந்து படுடி" என்று கயலின் அந்தப் பக்கத்தில் சாய்ந்துவிட்டாள்.

மெத்தை என்றைக்காவது நைந்து போகத்தான் போகிறது. அன்றைக்கு அதை அனுப்புவதா வேண்டாமா என்பதை உன் பெண் சொல்லட்டும். அவள் வாயால் சொல்லாமல் யாரையும் தொட விடமாட்டேன். அதுவரைக்கும் மாசாமாசம் நானும் அவளும் சேர்ந்து மத்தியான வெயிலில் காயவைத்துத் திருப்பிப் போடுவோம், நீ படுத்த இடம் ஒவ்வொன்றிலும் மாறி மாறிப் படுத்துக்கொள்வோம். இது சத்தியம், சுமதி.

இப்படிக்கு,
உன் பக்கத்து இடத்துக்காரன்,
கயலின் நைனா