பள்ளி நேரத்துத் தண்ணீர் லாரி

ஜூன் 16, திங்கள்

விடியும்போதே புழுக்கம். குக்கர் கேஸ்கட் வாங்கணும். இன்றும் மறதி.

நித்யா சைக்கிளில் பள்ளிக்குக் கிளம்பினாள். நான் கதவைச் சாத்தவில்லை, அதற்குள் தெருவில் கத்தல். ரிவர்ஸில் வந்த தண்ணீர் லாரி சைக்கிளின் பின்சக்கரத்தை நசுக்கிவிட்டது. இவள் குதித்துத் தப்பித்திருக்கிறாள். முழங்கையில் சிராய்ப்பு. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். வேறு யாரோ. குமார் இல்லை.

முதலில் பார்த்தது அதைத்தான். அப்புறம்தான் பிள்ளையை. என்ன பிறவி நான்.

குமார் என் தம்பி. அவனும் தண்ணீர் லாரிதான் ஓட்டுகிறான். இந்த அபார்ட்மெண்ட்டில் யாருக்கும் தெரியாது.

ஜூன் 17, செவ்வாய்

மெயின் ரோட்டை மெட்ரோவுக்காகத் தோண்டியதிலிருந்து மந்தைவெளியில் ஓடும் லாரியெல்லாம் எங்கள் தெருவில்தான். ஜல்லி, மண், தண்ணீர். ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் வேர்வை.

கீழ் வீட்டுப் பத்மா மாமி, லாரிகளைத் தடுக்கச் சொல்லி எழுதிய மனுவோடு மேலே வந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர்தான்.

"உங்காத்துக் கொழந்தைக்குன்னா நேர்ந்தது. சனிக்கிழமை கூட்டத்துல நீங்க எழுந்து பேசினாத்தான் எடுபடும் செல்வி. இனிமே பெரிய லாரியே தெருவுக்குள்ள வரப்படாது."

"நம்ம சம்ப்புக்குத் தண்ணி கொண்டு வர்ற லாரி, மாமி?"

"அது அவசியத்துக்கு வரது. அது வேற."

சிரிப்பு வந்தது. மென்று முழுங்கினேன். கையெழுத்தும் போட்டேன். பிள்ளையின் முழங்கை கண்ணில் நிற்கும்போது போடாமல் எப்படி?

என் வீட்டுக்காரர் பேப்பரை மடிக்காமலே சொன்னார்: "பேசு. குமார் பேச்ச மட்டும் எடுக்காத."

ஜூன் 19, வியாழன்

எதிலும் மனசு ஒட்டவில்லை. சாம்பாருக்கு இரண்டு தடவை உப்பு. சைக்கிள் கடைக்காரர் புதுச் சக்கரம்தான் என்கிறார்.

மதியம் குமாருக்கு ஃபோன்.

"இன்னாக்கா, இந்நேரத்துல? பாப்பாக்கு அடி ஒண்ணும் படலியே?"

சங்கதி அதற்குள் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மனுவைப் பற்றியும்தான். எழுதினது யார் என்று கேட்கவில்லை.

"லாரிய உள்ள வுடமாட்டோம்னா ஓனர் வண்டிய கொறச்சிடுவாரு. கடசியா சேர்ந்தவன் நான்தான். மொதல்ல என்னத்தான் நிறுத்துவாரு."

ஆற்றோரத்தில், கோட்டூர்புரம் பக்கம் இருந்த எங்கள் வீட்டை அரசாங்கம் இடித்தபோது அம்மாவும் அவனும் பெரும்பாக்கத்தில் கொடுத்த மாற்று வீட்டுக்குப் போனார்கள். நான் அதற்கு முன்பே கல்யாணமாகி வந்துவிட்டேன். அங்கே போனபிறகு அவனுக்கு ஒழுங்காக அமைந்த வேலை இது ஒன்றுதான். அம்மாவும் அவன் கையைத்தான் நம்பியிருக்கிறாள்.

வைக்கும்முன் சொன்னான்: "உன் பில்டிங் லோடு வந்தா வேற ஆளுக்கு மாத்தி வுட்டுக்கினு கீறேன்க்கா. உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு."

இத்தனை நாள் எனக்கு இது தோன்றவே இல்லை. அப்புறம் துணி மடிக்க உட்கார்ந்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

தண்ணீர் சன்னமாக வருகிறது. வாளிகளில் பிடித்து வைத்தாயிற்று.

நாளைக்குப் பேச வேண்டியது:
பள்ளி நேரம்.
ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஓர் ஆள்.
லாரியே வேண்டாம் என்று மட்டும் சொல்லக் கூடாது.
மாமி முகத்தைப் பார்க்கக் கூடாது.

ஜூன் 21, சனி

சமூகக் கூடத்தில் ஃபேன் சுற்றியது, காற்று இல்லை. முன்வரிசையில் நாங்கள். கடைசியில் சுவரோரமாக லாரி டிரைவர்கள், நின்றபடி. அவர்களில் குமார்.

எழுந்து நின்றேன். நித்யா குதித்ததைச் சொன்னேன், பள்ளி நேரத்தைச் சொன்னேன். மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. கை தட்டினார்கள்.

கூட்டத்துக்கு வந்திருந்த மாநகராட்சி அதிகாரி பின்னால் பார்த்து, "நீங்க யாராவது பேசறீங்களா?" என்றார். எல்லோரும் சேர்ந்து குமாரை முன்னால் தள்ளினார்கள்.

"மேடம் சொல்றது நியாயந்தான் சார். இஸ்கூல் டைம்ல தெரு முனையாண்டயே நின்னுக்கறோம். ஒரேடியா நிறுத்திடாதீங்க, எங்க பொயப்பே இதான்." பிறகு என் பக்கம் திரும்பினான். "கொயந்தைக்கு அடி ஒண்ணும் படலியே மேடம்?"

ஃபோனில் கேட்ட அதே கேள்வி. அவன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திய பிள்ளை. தாய்மாமன்.

இல்லை என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் முடிந்தது என்னால்.

மாமி காதோரம் குனிந்து, "நன்னாப் பேசறான் பாருங்கோ, லாரி ஓட்டிண்டு" என்றார். அடுத்த வாரம் முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார். வீடு வந்து முகம் கழுவினேன். குழாயில் காற்றுதான் வந்தது. வாளித் தண்ணீர்.

ஜூன் 22, ஞாயிறு

டேங்க் காலி. சொல்லிவிட்ட லாரி காலையில் வந்தது. வழக்கமாக வருபவர் லீவாம், மாற்றிவிட ஆள் கிடைக்கவில்லை போல. குமார் இறங்கி, தலையைக் குனிந்தபடியே பைப்பைச் சம்ப்புக்குள் விட்டான். மேலே பார்க்கவே இல்லை. நான் பால்கனியில்.

"ஏம்ப்பா, வாசல அடைச்சிண்டு நிக்கறயே, சீக்கிரம் ரொப்பிட்டுக் கெளம்பு" என்றார் மாமி.

"ஆச்சும்மா, தோ கெளம்பிடறேன்."

எனக்குள் என்னவோ அறுந்தது.

"டேய் குமாரு! அக்கா ஊட்டாண்ட வந்துட்டு மேல ஏறாம போவியா நீ? காபி போட்டுக்கினு கீறேன், வாடா!"

கல்யாணத்துக்கு முன்னால் பேசிய பேச்சு. தெருவுக்கே கேட்டிருக்கும். மாமி என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி என்னை. நித்யா "மாமா" என்று படியில் இறங்கி ஓடினாள். வீட்டுக்காரர் உள்ளே பேப்பரை மடிக்கும் சத்தம்.

குமார் மேலே பார்த்தான். "வண்டி வயில கீதேக்கா."

"கீட்டும். வா."

ரொப்பி முடித்துவிட்டு வந்தான். சமையலறை வாசலில் நின்றே குடித்தான். கீழே லாரிக்குப் பின்னால் கார்கள், ஆட்டோ, எல்லாம் ஹாரன். அவன் அவசரமாக ஊதி ஊதிக் குடித்தான்.

டம்ளரை வாங்கி இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.