கரைந்த துளி

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே வேலை எப்போதும் போலத்தான். மந்திரவாதிகளின் ரத்தத்தைச் சோதிக்கும் கூடத்தில் கிண்ணம் கழுவிக் கழுவி என் விரல்கள் ஊறிப் போயிருக்கின்றன. தண்ணீரில் துளி மிதந்தால் பரம்பரை ரத்தம், அமிழ்ந்தால் கலப்பு, கரைந்தால் வெறும் ரத்தம். கரைந்தவர்களின் மந்திரக்கோலை உடைத்து அடுப்புக்குக் கொடுத்துவிட்டு, அவர்களைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போவார்கள். யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இன்று வேலையாட்களையும் சோதித்தார்கள். பரிசோதகர் என் விரலில் ஊசி குத்தும்போது, "பயப்படாதம்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சிரித்தார். கிண்ணத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு ஒரே ரத்தம் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் விடமாட்டார்கள். புது ஆட்களிடம் எனக்கு வாயே வராது, உனக்குத் தெரியும். ஆனாலும் உடனே சொன்னேன்.

"யாரும் இல்லைங்க. நான் ஒத்தை ஆளு."

"பொய் சொன்னா தெரிஞ்சிடும்."

"இல்லைங்க."

பின்வாசல் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பெருக்குகிற அத்தை கொண்டுவந்து தருவாள். மாமாவிடம் காட்டாதே. அவர் வீட்டில் எல்லோரும் மிதக்கிறவர்கள். உன்னையும் அப்படித்தான் நம்புகிறார்கள். என்னைத் தேடி வராதே. யாராவது வந்து என்னைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல். அழாமல் சொல்.

கதவைத் திறக்கிறார்கள்.

இப்படிக்கு,
உனக்குத் தெரியாத ஒருத்தி