ஐந்து விநாடி இரைச்சல்

நாள் 212, புதன். 09:10
சனிக் கோளின் நிலவான டைட்டன், ஒலி ஆய்வு நிலையம். பதிவு செய்பவன் ததேயு, ஒலிப்பொறியாளர். இங்கே நான் ஒருவன்தான். வெளியே மைனஸ் 179. மின்னாக்கி 61 சதவீதம், குழாயில் லேசான கசிவு. காற்றின் ஒலி ஆறு மணி நேரம் பதிவானது. இரைச்சல் நீக்கி பூமிக்கு அனுப்பியாயிற்று.

தூத்துக்குடியிலிருந்து மனைவி லூர்துவின் செய்தி: “என்னங்க, ஞாயித்துக்கிழம பிள்ளைக்கு மூணாம் வருஷப் பூச. கோயில்ல இருந்து வந்ததும் அவ கத சொன்னத வீட்டுல எல்லாருக்கும் போடணும். மறக்காம அனுப்பிவிடுங்க.”

பிள்ளை என்றால் எங்கள் மகள் ரொசிட்டா. காய்ச்சலில் போனபோது ஏழு வயது. அவள் சொன்ன கதைகள் என்னிடம் இருக்கின்றன. இதுவரை திறந்து கேட்கத் தைரியம் வரவில்லை.

நாள் 212. 14:30
ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருளில் ‘ரோசி கதைகள்’ புராஜெக்டைத் திறந்தேன். நாற்பத்தொரு துண்டுகளும் சிவப்பு. “ஒலிக்கோப்பு கிடைக்கவில்லை. இருக்குமிடத்தைக் காட்டவும்.” அலைகளின் படம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஓடவிட்டால் கோடு அலைகளின் மேல் நகர்கிறது. சத்தம் இல்லை.

புராஜெக்ட் கோப்புக்குள் ஒலி இருக்காது. எந்த ஒலி எங்கே இருக்கிறது, எங்கே வெட்டியிருக்கிறோம் என்ற குறிப்புதான் இருக்கும். ஒலி தனி ஃபோல்டரில் கிடக்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லித்தரும் பாடமே இதுதான். கிளம்பும் அவசரத்தில் அந்தச் சின்னக் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிறகு லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் என் கையாலேயே அழித்துத் திருப்பிக் கொடுத்தேன். மடப்பயல். வேறென்ன சொல்ல?

நாள் 213, வியாழன். 08:00
லூர்துவிடம் அன்டெனா கோளாறு என்று பொய் சொன்னேன். பதில்: “பரவால்லங்க. சனிக்கிழம வர பொறுத்துக்கிடுதேன். நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க.” திட்டியிருந்தால் தேவலை.

நாள் 214, வெள்ளி. 11:20
மின்னாக்கி 34. கசிவு நிற்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

பதில்: “நீங்கதான எல்லாத்தையும் கையோட கொண்டுபோறேன்னு சொன்னிய? ஒண்ணு கூடவா இல்ல? ஒரு வார்த்த கூடவா? நல்லாத் தேடுங்க.” அதோடு செய்தி முடிந்தது.

நாள் 214. 19:45
கிடைத்தது.

பதிவுக்கு முன்பு அறையில் இருப்பவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்லி ஐந்து விநாடி வெறும் அறைச் சத்தத்தை எடுப்பது என் வழக்கம். அந்த அறையின் இரைச்சலை மென்பொருள் அதில் கற்றுக்கொண்டு, எல்லாப் பதிவிலிருந்தும் கழித்துவிடும். அந்த ஐந்து விநாடி மட்டும் புராஜெக்ட் கோப்புக்குள்ளேயே இருக்கும்.

தொடக்கத்தில் என் குரல்: “ரோசி, அப்பா சொல்லுத வர பேசக் கூடாது. கேட்டியா?” பிறகு ஒன்றுமில்லை. மூன்று தடவை கேட்டேன். ஒன்றுமே இல்லை.

பிறகுதான் உறைத்தது, மென்பொருளின் இரைச்சல் நீக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. அணைத்தேன். ஃபேன் சத்தம். அதற்கடியில், மைக்கின் பக்கத்தில், சளி பிடித்த மூக்கின் மூச்சு. லேசான விசிலோடு மூன்று மூச்சு.

நாற்பத்தொரு பதிவிலிருந்தும் அதை இரைச்சல் என்று நான்தான் நீக்கினேன். ஐயோ, என் தங்கமே.

நாள் 215, சனி. 06:05
மின்னாக்கி 12. ஹீட்டர், அன்டெனா, இரண்டில் ஒன்றுதான் ஓடும். ஹீட்டரை நிறுத்தினேன். அந்த ஐந்து விநாடியை லூர்துவுக்கு அனுப்பினேன். பதில் வர இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும்.

நாள் 215. 08:52
அறை மைனஸ் 6. லூர்து: “ஃபேன் சத்தந்தான்னு நெனச்சேன். அப்புறம் கேட்டுட்டு... என்னங்க, பிள்ள மூச்சு விடுதுங்க. அந்த மூக்கு விசிலு! அன்னைக்கித்தான் கற்பூரவல்லி இடிச்சிக் குடுத்தேன். நாளைக்கி இதத்தான் போடப்போறேன். எல்லாரும் கேக்கட்டும். நீங்க ஸ்வெட்டர் போட்டிருக்கியளா?”

போட்டிருக்கிறேன் என்று பதில் அனுப்பினேன். இது பொய்யில்லை.

நாள் 215. 09:40
ஹீட்டர் மறுபடி பிடிக்கவில்லை. குழாய் உறைந்துவிட்டது. விரல் மடங்க மாட்டேன் என்கிறது.

நாள் 215. 11
புது புராஜெக்ட் தொடங்கினேன். ஒரே டிராக். ஒலியைக் கூடவே சேர்த்துச் சேமித்திருக்கிறேன், இரண்டு தடவை சரிபார்த்தேன். பெயர் ‘ரொசிட்டா’.

கண்டெடுப்பவருக்கு. ஃபோல்டரை முழுசாக எடுங்கள். திறந்ததும் இரைச்சல் நீக்கி தானாக ஓடும், முதலில் அதை அணையுங்கள். சத்தத்தைக் கூட்டி வையுங்கள்.

ஒன்றும் இல்லை என்று மூடிவிடாதீர்கள். பிள்ளை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். நான் சொன்னதால்தான் பேசாமல்