பீங்கான் பள்ளத்துப் பாலாமைகள்

அன்பு நிறைந்த அக்கா,

1. இதை எழுதுபவன் உன் உடன்பிறந்த தம்பி குமரவேல், விருத்தாசலத்தில் வழக்கறிஞர்.

2. பீங்கான் பொம்மைகளுக்காக நம் அப்பா களிமண் வெட்டிய பழைய பள்ளத்தில் எனக்குப் பாதி. உன் பாதி, நீ மறைந்த பின் உன் கணவரான மாமாவுக்கு. என் கையெழுத்து இல்லாமல் அதைத் தூர்க்க இயலாது.

மாமா தூர்க்க விரும்பினார். பொம்மைகளை நனையாமல் அடுக்க அவருக்குக் கிடங்கு வேண்டும்; அது நியாயமான தேவை என்பதை நீயும் மறுக்கமாட்டாய். அந்தப் பள்ளத்து நீரில் வாழும் உன் பாலாமைகளை நினைவூட்டினேன். கோடையில் வெடித்துக் கிடந்த தரையைக் காட்டிச் சிரித்தார்.

“உங்க அக்காவோட கட்சிக்காரங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க மச்சான். சொட்டுத் தண்ணி இல்ல, ஆமை எங்க இருக்குது? வேணும்னா சம்மன் அனுப்பிப் பாருங்க.”

இந்த ஊரில் எவரும் அப்படித்தான் சொல்வார்கள். பள்ளம் வற்றிய பிறகே மண் வெட்டுவது நம் தொழில் வழக்கம். எனவே வற்றிய பள்ளம் நமக்குக் காலிப் பள்ளம். நீ மட்டும் வேறு சொன்னாய்: நீர் வற்றினால் பாலாமை ஈரக்களிமண்ணுக்குள் புதைந்து, உண்ணாமல் மழைக்குக் காத்திருக்கும் என்று. கேள்விப்பட்டது சாட்சியம் ஆகாது. ஆகவே, தூர்ப்பதற்கு முன் கிழக்கு ஓரத்தில் ஒரு குழி தோண்டிப் பார்க்கக் கேட்டேன்.

நம் பட்டறையில் மண் குழைக்கும் அந்தோணி மண்வெட்டியோடு இறங்கினார். சற்று நேரத்தில் கத்தினார்: “சார், கல்லுன்னு நெனச்சேன்! இந்தக் கல்லுக்கு மூக்கு இருக்குது!”

தட்டளவு ஓடு, தோல் போர்த்தியது போல. குழாய் போன்ற மூக்கு. தொட்டதும் தலையை இழுத்துக்கொண்டது. வயிற்றுப்புறத் தோல் மடல்கள் எழுந்து பின்னங்கால்களைக் கதவுபோல் மூடின. நத்தை, தவளை, நீர்ச்செடி எல்லாம் தின்னும், கரை மண்ணில் உருண்டை முட்டையிடும் என்பாயே, அவற்றை நான் பார்க்கவில்லை. மூடிய கதவை மட்டும் பார்த்தேன். அருகிலேயே இன்னொன்று.

மாமா குழியோரம் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்: “அப்போ, நாம மண்ணு வெட்டுன வருசமெல்லாம் இதுங்க உள்ளதான் இருந்துச்சா?”

அக்கா, கிழக்கு ஓரத்தில் கை வைக்காதீர்கள் என்று நீ ஆட்களிடம் சண்டை போட்டதெல்லாம் இதனால்தானா?

இரண்டையும் அதே ஈரத்தில் வைத்து மூடினோம். கிடங்கு சாலையோர மேட்டில் எழும். இடம் குறுகல் என்று மாமா இன்னும் முணுமுணுக்கிறார். நான் உள்ளவரை இந்தப் பள்ளத்தைத் தூர்க்க ஒப்பமிடமாட்டேன். இது உனக்கு நான் தரும் உறுதி.

இதைப் படித்துக் காட்டியதும் மாமா பேனாவை வாங்கிக்கொண்டார். “சாட்சியில என் பேரை முதல்ல போடுங்க. அவ அதத்தான் தேடுவா.”

இப்படிக்கு,
உன் தம்பி
குமரவேல்

சாட்சிகள்:
1. ராஜமாணிக்கம், உன் கணவர்
2. அந்தோணி, குழி தோண்டியவர்