அண்ணன் கதையில் நான் வெட்டிய நாலு வரி

பள்ளங்கி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பிரியாவுக்கு, பழனி மலைத்தொடர் முழுமைக்கும் ஏகப் பொய்யனாகிய உன் சித்தப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் இருமலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், ஆக்லாந்தில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா. ஒருவரும் நம்ப மாட்டாத கதை ஒன்றை இன்று உனக்குச் சொல்லப்போகிறேன், பூம்பாறை வேலப்பர் மேல் ஆணை.

உன் அப்பாவை எடுத்த அன்று வந்த கூட்டத்தில் வத்தலக்குண்டு வரை பஸ் நின்றுபோனது. சரி, நாற்பது பேர். ஆனால் யாரென்று கேள், இத்தனை வருஷம் அண்ணன் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் கிழிகிழியென்று கிழித்த ஆட்டக்காரர்கள். "பந்து வலையைத் தாண்டியது இரண்டே முறை, அதில் ஒன்று காற்றின் உபயம்" என்று எழுதினாரே, அந்தக் கன்னிவாடி வாலிபால் கேப்டன் பொன்னுச்சாமி, அதைப் படித்துவிட்டு அடிக்க வந்து டீ குடித்துவிட்டுப் போனவர், பாடையின் முன்பக்கத்தை யாருக்கும் விட்டுத்தரவில்லை. மூடுபனியில் வழி தெரியாமல் உன் விமானம் திரும்பிவிட்டது என்று சொல்லி வைத்தேன். யாரும் நம்பவில்லை. பதினெட்டு வருஷமாக நீ அவரோடு பேசவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

ஒன்பதாம் வகுப்பில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் நீ கடைசியாக வந்ததை அவர் கதையாக எழுதினார், ஞாயிறு மலரில் வந்தது. "அவள் கோட்டைத் தொடுமுன் மைதானத்தில் விதைத்த கேரட் அறுவடைக்கு வந்துவிட்டது" என்ற வரியால், ஊரை விட்டுப் போகிறவரை உனக்குக் கேரட் என்றே பேராயிற்று. தாயி, அந்த வரி அவருடையதல்ல. அவர் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும், எல்லாவற்றையும் நான்தான் நல்ல பிரதி எடுத்துத் தபாலில் சேர்ப்பேன். கதை அழுகையாக இருக்கிறதே என்று கேரட்டை நட்டவன் நான், கடைசி நாலு வரியை வெட்டியவனும் நான். பேப்பரைப் பார்த்துவிட்டு அண்ணன் என் சட்டையைப் பிடித்தார். உன்னிடம் சொல்லிவிடுகிறேன் என்று நான் கிளம்பியபோது அவரே மறித்துக்கொண்டு சொன்னார்: "ஏலே குரு, வாயைத் தொறக்காத. எங்கிட்டதான் பேச மாட்டேங்குறா. உங்கிட்டயாவது பேசட்டும்." நானும் சௌகரியமாக வாயை மூடிக்கொண்டு, நீ போன் செய்யும்போதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அவர் யார் யாரையோ கேலி செய்தார், கடைசியாக வந்தவர்களை மட்டும் தொட்டதில்லை.

அந்தக் கோபத்தை இனி அவர் மேலிருந்து எடுத்து என் மேல் வை, எனக்குத் தகும். முப்பதாம் நாள் வருகிற மாசம் நாலாம் தேதி. வந்தால் என்னோடு பேச வேண்டாம், அவர் படத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போ. மழை விடவில்லை, ஸ்வெட்டரை மறக்காதே. வேலப்பர் உன் காலில் ஒரு முள் தைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் வெட்டிய நாலு வரியில் இருந்தது இவ்வளவுதான்: வேலிக்கு வெளியே, மகள் கண்ணில் படாமல், அவளுக்கு இரண்டடி பின்னால் தகப்பன் ஒருவன் கோடு வரை ஓடினான், கடைசியாக வந்தவன் தானாக இருக்கட்டும் என்று. யார் நம்புவார்கள் என்று வெட்டினேன். அந்தக் கதையில் மற்றதையெல்லாம் பொய்யென்று தள்ளு. இது மட்டும் நடந்தது, நான் பார்த்தேன்.

உன் சித்தப்பன்,
குமரகுரு