கையால் சொன்ன எடை

என் தங்கத் தம்பி முருகேசா,

நீ போய் ஆறு வருஷமாகிறது. நான் மட்டாஞ்சேரியில் அதே மிளகுக் கிடங்கில்தான் எடை போடுகிறேன். முன்பு போல வாயடிப்பதில்லை.

மூட்டையைக் கையால் தூக்கியே எடை சொல்கிறவன் என்று எனக்கு எவ்வளவு திமிர்! அப்போது உன் மகள் செல்விக்கு ஒரு வயசு. அவளைக்கூட தினம் தூக்கி எடை சொல்லுவேன், அவளும் கெக்கெக்கென்று சிரிப்பாள்.

உன் எஸ்டேட் முதலாளியின் சின்ன விமானத்தில் நீ கோயம்புத்தூருக்குக் கிளம்பிய அன்று, அங்கே இருக்கும் நம் அக்காவுக்கென்று மிளகும் சுக்கும் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தேன். "பைலட் எல்லாத்துக்கும் எடை கேப்பாரு அண்ணே. தராசுல வச்சுப் பாத்துரலாமா?" என்றாய். "என் கையை விடவாடா தராசு? பன்னிரண்டு கிலோன்னு சொல்லு, போ." நீ சிரித்துக்கொண்டே, விமானம் நின்ற எதிர்த் தீவுக்குப் படகேறினாய்.

நான் படகுத்துறையிலேயே நின்றேன். அங்கிருந்து விமானம் கிளம்பியது. தென்னை உயரம்கூட ஏறவில்லை, ஒரு பக்கம் சாய்ந்து காயலில் விழுந்தது. கத்தினேன். நடுவில் அத்தனை தண்ணீர், வேறென்ன செய்ய முடியும்?

பைலட் மட்டும் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். "எஞ்சின் நின்னு போயி சேட்டா, அதாணு காரியம்" என்றார். "மூட்டை கனம் கூடுதலா இருந்திருந்தா?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். "இனி அது ஆருக்குத் தெரியும்?"

அதுதான்டா என்னைத் தின்கிறது. அன்று காலை முழுக்கப் பெரிய பெரிய மூட்டைகளாகத் தூக்கியிருந்தேன். கனம் தூக்கிய கைக்கு அடுத்து வருவதெல்லாம் லேசாகத்தான் தெரியும். தொழில் பழகிய எவனுக்கும் தெரிந்த விஷயம், எனக்கு ஏன் அந்த நேரத்தில் தோன்றவில்லை? மிளகெல்லாம் காயலோடு போயிற்று. இனி எதை வைத்து நிறுத்துப் பார்ப்பேன்?

உன் வீட்டுக்காரியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. செல்வி இப்போது இரண்டாம் கிளாஸ். மலையாளத்தில் வெளுத்து வாங்குகிறாள். நேற்று கிடங்குக்கு வந்து இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"பெரியப்பா, சின்னதுல என்னைத் தூக்கி எத்தரை கிலோன்னு சொல்லுவீங்களாமே? அம்மை சொன்னா. இப்பச் சொல்லுங்க."

முதுகு வலி என்று பொய் சொன்னேன். பிள்ளையின் முகம் சுண்டிப் போய்விட்டது.

நாளைக்கு உன் வீட்டுக்குப் போகிறேன். முதலில் அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அதற்கப்புறமும் அவள் பிள்ளையை என்னிடம் விட்டால், தூக்கிக்கொள்கிறேன். எத்தனை கெஞ்சினாலும் எடை மட்டும் சொல்லமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவன்,
செல்வியின் பெரியப்பா