மொழி வகுப்பில் மாலை போட்ட படம்

என் அன்பான சிஸ்,

உன் பெயரை எழுதாமல் தொடங்கியிருக்கிறேன், பார்த்தாயா? இறந்துபோனவர்களின் பெயரைக் கொஞ்சக் காலத்துக்கு வாயால் சொல்லக் கூடாது என்பது, இந்த நாட்டின் ஆதிக்குடிகளான உங்களில், உன் குடும்பத்து வழக்கம். எங்கள் வீட்டில் நேர்மாறு. பெயரைச் சொல்லிச் சொல்லி அழுது, பிறகு பிறக்கிற பிள்ளைக்கும் அதே பெயரை வைத்துவிட்டுத்தான் ஓய்வோம். எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

கடிதம் தமிழில்தான். முதியோர் இல்லத்து வேலையில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து கட்டில் விரிக்கும்போது, மேலாளர் மேல் கோபம் வந்தால் நான் தமிழில் திட்டுவேனே. "மொழிபெயர்க்க வேண்டாம் சிஸ், அந்தச் சத்தமே போதும்" என்பாய். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். என் தமிழில் உங்கள் ஆட்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தார் மாதிரித்தான் கதைப்பார்கள், பொறுத்துக்கொள்.

முதலில் நல்ல செய்தி. போன சனிக்கிழமை உங்கள் மொழி வகுப்பு தொடங்கிவிட்டது. செவன் ஹில்ஸில், நாங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்துகிற அதே மண்டபத்தில்தான். காலையில் எங்கள் அ, ஆ. மத்தியானம் உங்கள் வகுப்பு.

சின்னப் பிள்ளைகளாக உங்களை அரசாங்கத்தார் வீட்டிலிருந்து கொண்டுபோய் விடுதியில் வைத்து, தாய்மொழி பேசினால் அடித்தார்களே, அதற்காக உங்கள் ஆட்கள் போட்ட வழக்கு நீ இருக்கும்போதே சமரசத்தில் முடிந்தது. மொழிக்கும் பண்பாட்டுக்கும் சமூகத்தின் நலத்துக்கும் என்று ஒதுக்கிய நிதி வந்து சேர்ந்தபோதுதான் நீ இல்லை. அந்த நிதியைச் செலவழிக்கிற குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் நடத்தத் தெரிந்தவள் என்று நீ ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாயாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் கதிரை அடுக்கவும் பெற்றோரோடு சண்டை பிடிக்கவும்தான்.

நலத்துக்கு என்ன செய்யலாம் என்று சொல்ல ஓர் ஆலோசகர் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விடுகிறவர்களின் படங்களையே திரையில் காட்டிக்கொண்டிருந்தார். உன் அண்ணி கையை உயர்த்தினாள். "மூச்சு நாங்கள் வீட்டிலயே விடுறம். சாப்பாடு உண்டோ?" அதோடு அந்தக் கூட்டம் முடிந்தது. இப்போது மண்டபத்துக் குசினியில் வகுப்பு முடியும்வரை சமைத்துப் பரிமாறுகிறார்கள். நடக்க முடியாதவர்களை ஏற்றி வர ஒரு வானும் ஓடுகிறது. ஒருநாள் நீ என்னை ஏற்றிப்போக வந்தபோது, எங்கள் பெற்றோர் வெளியில் நின்று ரோல்ஸ் சாப்பிட்டு ஊர்வம்பு அளப்பதைப் பார்த்துவிட்டு, "உங்கட பள்ளிக்கூடமே இதுதான்" என்றாயே. அதைச் சொல்லித்தான் சாப்பாட்டுக்காகக் குழுவில் வாதாடினேன்.

ஆனால் நீ என்னிடம் கேட்டது வகுப்பை அல்ல. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாவை எப்பிடியாவது அந்த வகுப்பில கொண்டுபோய் இருத்து" என்றாய். நானும் ஓம் என்றுவிட்டேன். சாகப்போகிற ஆளிடம் வேறு என்ன சொல்வது?

உன் அண்ணனை உனக்குத் தெரியாதா? மூன்று முறை வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார், நாயைப் பற்றிக் கதைத்தார். வகுப்பு என்று வாயெடுத்ததும் முகம் மாறிவிட்டது. "அடிச்சு மொழியைப் பறிச்சவை இப்ப காசு தந்து படிக்கச் சொல்லினம். அந்த வாசலை நான் மிதிக்கமாட்டன்." அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே.

முதல் வகுப்பன்று உன் அண்ணியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கார்த் தரிப்பிடத்திலேயே இருந்துகொண்டார். கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

இனித்தான் என் கெட்டித்தனம் வருகிறது. நீ இல்லாமல் உன் வகுப்பு தொடங்குவதா என்று எனக்கு மனம் கேட்கவில்லை. உன் பெயரைச் சொல்லக் கூடாது என்பதைக் கவனமாக நினைவில் வைத்திருந்தேன். ஆனால் நாங்கள் ஒரு காரியம் தொடங்கினால் போனவர்களின் படத்தை வைக்காமல் தொடங்குவோமா? வேலையிடத்து கிறிஸ்மஸ் விருந்தில் கடதாசித் தொப்பியோடு சிரித்தாயே, அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டேன். லிட்கமில் பூக்கட்டுகிற ஒருத்தியிடம் சொல்லி மல்லிகை மாலை கட்டுவித்தேன். மேசை, வெள்ளைத் துணி, குத்துவிளக்கு, சாம்பிராணி, ஒன்றும் குறையில்லை.

வந்தவர்கள் மேசையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை, எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். உன் அண்ணி கிட்ட வந்து, "படமும் கூடாது, பிள்ளை" என்றாள். எடுக்கப் போனேன். "நீ தொடாத. கூடப்பிறந்த அவர்தான் எடுக்கவேணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அந்தக் கொஞ்ச நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உன் வகுப்பை முதல் நாளே குழப்பிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

உன் அண்ணன் வந்தார். மிதிக்கமாட்டேன் என்ற வாசலைத் தாண்டி நேரே மேசைக்கு வந்து, உன்னைப் பார்த்தார். தொப்பிக்கு மேல் மாலை. அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். "இந்தக் கோலத்தில இவளை ஆர் வைச்சது?" என்றார். சிரிக்கிறார் சிஸ். நான் மன்னிப்புக் கேட்டேன். "ஒரு வருசம் போகட்டும். பிறகு நீயே கொண்டு வா" என்றார். தன் ஜாக்கெட்டைக் கழற்றிப் படத்தைச் சுற்றிக் காருக்குக் கொண்டுபோய், முன் சீட்டில் வைத்து பெல்ட்டும் போட்டார். ஜன்னலால் எல்லோரும் பார்த்தோம். அப்படியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தார். "சாப்பாடு உண்டெண்டு சொன்னாள்" என்று அண்ணியைக் காட்டி முணுமுணுத்தபடி, கதவோரக் கதிரையில் இருந்தார்.

வகுப்பு எடுப்பது உன் மச்சாளின் மகள். எந்தச் சொல் முதலில் வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தாள். ஒருவர் மழை என்றார். ஒருவர் நாய் என்றார். உன் அண்ணி கெட்ட வார்த்தை கேட்டாள். உன் அண்ணனின் முறை வந்தது.

"தங்கச்சியை என்னண்டு கூப்பிடுறது?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு கையைப் பார்த்துக்கொண்டு, "விடுதியில வேலிக்கு இந்தப் பக்கம் நிண்டு, அந்தப் பக்கம் நிண்டவளை இப்பிடிக் கூப்பிட்டுத்தான் அடி வாங்கினனான். அடி ஞாபகம் இருக்கு. சொல்லு மறந்துபோச்சு" என்றார். நீ இதைச் சொல்லவேயில்லையே. உனக்குத் தெரியுமா, இல்லை நீயும் சின்னப் பிள்ளை என்பதால் மறந்துவிட்டாயா?

தேத்தண்ணி நேரம், அந்தச் சொல்லால் நானும் உன்னைக் கூப்பிடலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டேன். மறுத்துத் தலையை ஆட்டினார். "நீ அவளுக்கு இளையவள். அக்காவைக் கூப்பிட உனக்கு வேற சொல்லு இருக்கு. படிக்க வா" என்றார். எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது.

வருகிற சனிக்கிழமை அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து அந்தச் சொல்லைக் கேட்டுப் பாடமாக்குவேன். உன் பெயரைத் திரும்பவும் சொல்லலாம் என்று அவர் சொல்லும்வரை, அந்தச் சொல்லால்தான் உன்னைக் கூப்பிடுவேன். இது சத்தியம்.

உன் அண்ணன் சொன்ன முறைப்படி,
உன் தங்கச்சி